ஆசிரியர் சாம்ப்சன், அட்மிரல் சாம்ப்சன்

இரண்டாமாண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

ஒளியியல் படிக்கும் மாணவர் எவரும் மைக்கல்சன் என்னும் பெயரைத் தாண்டிப் போக முடியாது. குறுக்கீட்டுமானி அவர் பெயரால் வழங்குகிறது. ஒளியின் திசைவேகத்தைச் சுழலும் ஆடியால் அளந்த முறை தேர்வில் அடிக்கடி வரும் வினா. அவ்வினாவுக்காகப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் நூலகப் புத்தகம் ஒன்றில் ஒரு வரி என் கண்ணில் பட்டது. அப்போது மைக்கல்சன் அமெரிக்கக் கடற்படை அகாடமியில் இளம் பயிற்றாசிரியர். அவரை அச்சோதனை பக்கம் திருப்பியவர் அவருடைய துறைத் தலைவர். அந்தத் துறைத் தலைவர் ஒரு கடற்படை அதிகாரி.

பீரங்கியோடு பழகியவருக்கு ஒளியின் வேகத்தைப் பற்றி என்ன கவலை? இந்த ஐயம்தான் என்னைத் தேட வைத்தது. தேடத் தேட, அவருடைய வரலாற்றில் இயற்பியலைவிட எனக்கு நெருக்கமான வேறொன்று இருப்பதைக் கண்டேன். அவர் ஒரு தினக்கூலித் தொழிலாளியின் மகன். நானும் அப்படியே. நம் கல்லூரியில் சேரும்போது விண்ணப்பத்தில் 'தந்தையின் கல்வி' என்று கேட்ட இடத்தில் கோடு போட்டுவிட்டு வந்தவன் நான். ஆகவே இக்கட்டுரையில் நான் நடுநிலையோடு எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். முதலில் அவரைப் பார்த்துப் பெருமைப்பட்டேன், பிறகு வருந்தினேன். இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

கூலிக்காரர் மகன்

வில்லியம் தாமஸ் சாம்ப்சன் 1840ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் நியூயார்க் மாநிலத்திலுள்ள பால்மைரா என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் அயர்லாந்தின் வடபகுதியிலிருந்து பிழைப்புத் தேடிக் குடியேறியவர்கள். தந்தை கிடைத்த வேலையைச் செய்து அன்றாடக் கூலி வாங்கியவர். மூத்த மகனான சாம்ப்சனும் தந்தையோடு வேலைக்குப் போய்க்கொண்டே படித்தார். அவ்வூர்ப் பள்ளியில் அவருடைய கணக்குத் திறமை பேசப்பட்டது.

அமெரிக்கக் கடற்படை அகாடமி மேரிலாந்து மாநிலத்தில் செவர்ன் ஆற்றங்கரையில் உள்ள அன்னாபொலிஸ் நகரில் 1845இல் தொடங்கப்பெற்றது. அங்கே பயிலக் கட்டணம் கிடையாது. பயிலும் காலத்திலேயே ஊதியமும் உண்டு. ஆனால் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் பெயர் குறித்து அனுப்ப வேண்டும்; அதன்பின் தேர்விலும் தேற வேண்டும். செல்வாக்குள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கே பெரும்பாலும் வாய்க்கும் இடம், 1857இல் இந்தக் கூலிக்காரர் மகனுக்கு வாய்த்தது. நான்காண்டு கழித்து, 1861இல், வகுப்பில் முதல் மாணவராக வெளியே வந்தார்.

அவ்வாண்டே உள்நாட்டுப் போர் மூண்டது. அன்னாபொலிஸ் போர்முனைக்கு மிக அருகில் இருந்தமையால் அகாடமியை வடக்கே நியூபோர்ட்டுக்கு மாற்றினார்கள். முதல் மாணவரான சாம்ப்சனைச் சில காலம் அங்கே பாடம் சொல்லித் தரவே அனுப்பினார்கள். பிறகு 'படாப்ஸ்கோ' என்னும் இரும்புக் கவசக் கப்பலில் இரண்டாம் நிலை அதிகாரியாகச் சென்றார். 1865 ஜனவரி 15ஆம் நாள் இரவு, சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் முகப்பில், எதிரிகள் நீருக்கடியில் வைத்திருந்த வெடியில் அக்கப்பல் மோதியது. ஒரு நிமிடத்துக்குள் மூழ்கியது. 60க்கும் மேற்பட்டோர் கப்பலோடு போயினர். பீரங்கிக் கோபுரத்தின் உச்சியில் நின்றுகொண்டிருந்த சாம்ப்சன் பிழைத்தார். அப்போது அவருக்கு வயது 24. நீருக்கடியில் வெடிக்கும் வெடி பின்னரும் அவர் வாழ்க்கையில் வருகிறது. ஆகவே இதை நினைவில் வைத்துக்கொள்ளும்படி வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன்.

பத்து டாலர் ஆடி

போருக்குப் பிறகு சாம்ப்சன் பலமுறை அகாடமிக்குத் திரும்பினார். 1874 முதல் 1878 வரை இயற்பியல், வேதியியல் துறையின் தலைவராக இருந்தார். அத்துறைக்கு 1875இல் பயிற்றாசிரியராக வந்தவர்தாம் ஆல்பர்ட் மைக்கல்சன். அவரும் வேறு நாட்டிலிருந்து குடியேறிய வணிகர் ஒருவரின் மகன். அதே அகாடமியில் 1873இல் தேறியவர். 1877இல் அவர் மணந்த பெண் சாம்ப்சன் குடும்பத்துக்கு உறவு.

அவ்வாண்டின் இறுதியில், ஃபூக்கோ என்னும் பிரெஞ்சு அறிஞர் ஒளியின் வேகத்தை அளந்த சோதனையை மாணவர்களுக்கு வகுப்பிலேயே செய்து காட்டலாமே என்று சாம்ப்சன் மைக்கல்சனிடம் சொன்னார். பாடத்தை வாயால் சொல்லி முடித்துவிட்டுப் போகாமல் கண்ணெதிரே காட்ட வேண்டும் என்று நினைக்கும் ஆசிரியரின் யோசனை அது. அவ்வளவுதான். அதிலிருந்து என்ன விளைந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். என் பாடம் என்பதால் மன்னிக்கவும்.

ஒரு பிளவின் வழியே வரும் ஒளி, வேகமாகச் சுழலும் ஆடியில் பட்டுத் தொலைவிலுள்ள நிலையான ஆடிக்குச் செல்கிறது. அங்கிருந்து திரும்பி வருகிறது. அதற்குள் சுழலும் ஆடி சிறிது திரும்பிவிடுகிறது. எனவே பிம்பம் பழைய இடத்தில் விழாமல் விலகி விழுகிறது. எவ்வளவு விலகியது, ஆடி எவ்வளவு வேகமாகச் சுழன்றது, தொலைவு எவ்வளவு என்பவை தெரிந்தால் ஒளியின் வேகம் கிடைத்துவிடும். ஃபூக்கோ 1862இல் செய்தபோது ஒளி சென்ற வழி 20 மீட்டர்தான். பிம்பம் விலகியது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அவர் கண்ட விடை விநாடிக்கு 298,000 கிலோமீட்டர்.

மைக்கல்சன் வில்லையை வைக்கும் இடத்தை மாற்றினார். அதனால் நிலையான ஆடியை எவ்வளவு தொலைவிலும் வைக்க முடிந்தது. முதல் முயற்சிக்கு அவர் செலவிட்டது சுழலும் ஆடிக்கான 10 டாலர் மட்டுமே. மற்றவை ஆய்வுக்கூடத்தில் கிடந்த பொருள்கள். 1879இல் மாமனார் கொடுத்த 2,000 டாலரைக் கொண்டு நல்ல கருவிகள் செய்தார். அகாடமியின் ஆற்றோரச் சுவரை ஒட்டி, ஏறத்தாழ 605 மீட்டர் தொலைவில் இரண்டு ஆடிகளையும் நிறுத்தினார். காற்றை ஊதி ஆடியை விநாடிக்கு 257 முறை சுழல வைத்தார். அவ்வேகத்தை இசைக்கவையால் சரிபார்த்தார்.

நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். போக வர 1,210 மீட்டர். ஒளிக்கு இதைக் கடக்கப் பிடிக்கும் நேரம், ஒரு விநாடியின் பத்து இலட்சத்தில் நான்கு பங்கு. அந்நேரத்தில் ஆடி திரும்பும் கோணம் ஒரு பாகையில் மூன்றிலொரு பங்குக்குச் சற்று அதிகம். எதிரொளித்த கதிர் அதைப்போல் இருமடங்கு திரும்பும். எனவே பிம்பம் 100 மில்லிமீட்டருக்கும் மேல் விலகியது! ஃபூக்கோ உருப்பெருக்கி வைத்துத் தேடியதை மைக்கல்சன் அளவுகோல் வைத்து அளக்க முடிந்தது. விடை விநாடிக்கு 299,910 கிலோமீட்டர் என்று வந்தது. 1983இல் உலக நாடுகள் நிலைநிறுத்திய அளவு 299,792.458 கிலோமீட்டர். வேறுபாடு ஆயிரத்தில் அரைப்பங்குகூட இல்லை. மைக்கல்சன் 1907இல் நோபல் பரிசு பெற்றார். அறிவியலுக்காக அப்பரிசைப் பெற்ற முதல் அமெரிக்கர் அவரே.

இதில் சாம்ப்சனுக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். ஆடி அவருடையது அன்று. கணக்கும் அவருடையது அன்று. 1879இல் பெரிய அளவீடு நடந்தபோது அவர் அத்துறையிலேயே இல்லை. ஆனால் இளையவர் ஒருவரைக் கூப்பிட்டு 'இதைச் செய்து பாரேன்' என்று சொல்வது சிறிய செயலா? எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்படிச் சொல்ல ஒருவர் கிடைப்பதே அரிது.

அவரும் அறிவியலில் கையை நனைக்காதவர் அல்லர். 1878 ஜூலை 29ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் காண வயோமிங் பகுதிக்குச் சென்ற குழுவில் அவர் இருந்தார். பின்னர் 'ஸ்வடாரா' கப்பலின் தலைவராக ஆசியக் கடல்களில் பணியாற்றினார். திரும்பி வந்து வாஷிங்டன் கடற்படை வானாய்வகத்தில் அமர்ந்தார். 1884 அக்டோபரில் வாஷிங்டனில் 25 நாடுகள் கூடி, உலகம் முழுவதற்கும் தொடக்கத் தீர்க்கரேகை எது என்று ஆராய்ந்தன. 22 நாடுகள் கிரீனிச்சுக்கு வாக்களித்தன. அங்கே அமெரிக்காவின் சார்பில் அமர்ந்திருந்த ஐவரில் கமாண்டர் சாம்ப்சனும் ஒருவர். நம் நாட்டுக் கடிகாரம் கிரீனிச்சுக்கு 5 மணி 30 நிமிடம் முந்தி ஓடுகிறதென்றால், அக்கணக்கின் வேர் அந்தக் கூட்டத்தில் இருக்கிறது.

அகாடமியின் தலைவர்

நியூபோர்ட்டிலிருந்த நீர்வெடி நிலையத்துக்குச் சிறிது காலம் பொறுப்பேற்றபின், 1886 செப்டம்பரில் சாம்ப்சன் தாம் படித்த அகாடமிக்கே தலைவரானார். 1890 வரை அப்பதவியில் இருந்தார். அகாடமி வரலாறுகளில் இந்நான்காண்டுகளுக்கு அதிகப் பக்கம் ஒதுக்குவதில்லை. பெரிய கலகமோ பெரிய கட்டடமோ இல்லாத காலம். ஆனால் ஒரு மாற்றத்தை மட்டும் குறிப்பிட வேண்டும். அதுவரை மாணவரின் தரம் பாட மதிப்பெண்ணாலும் ஒழுங்குக் குறைகளாலும் அளக்கப்பட்டது. இவர் காலத்தில் 'கடற்படைப் பணிக்கு ஏற்ற தகுதி' என்பதற்கும் தனியே மதிப்பெண் இடும் முறை வந்தது. ஒருவர் நன்றாகக் கணக்குப் போடலாம். ஆனால் கப்பலில் மனிதர்களை நடத்தத் தெரிய வேண்டுமே. நியாயமான எண்ணம்தான். இருந்தாலும் தகுதி என்பதை எந்தத் தராசில் நிறுப்பது? பாடத்துக்கு விடைத்தாள் இருக்கிறது. இதற்கு மேலதிகாரியின் பார்வைதானே விடைத்தாள்? இதைப் படித்தபோது எனக்குள் ஒரு சிறு முள் குத்தியது. பின்னால் வரும் செய்தியை அறிந்ததும் அது ஏன் குத்தியது என்று விளங்கியது.

அவரிடம் பயின்றவர்களுள் ரிச்மண்ட் ஹாப்சன் என்பவர் 1889இல் முதல் மாணவராகத் தேறினார். ஒன்பதாண்டு கழித்து ஆசிரியரும் மாணவரும் ஒரே கடலில் சந்தித்தார்கள்.

1898

1893 முதல் 1897 வரை கடற்படையின் பீரங்கித் துறைக்குச் சாம்ப்சன் தலைவர். கவசத் தகடுகளையும் பீரங்கிகளையும் வெடிமருந்தையும் சோதிக்கும் வேலை. இயற்பியல் ஆசிரியருக்கு ஏற்ற நாற்காலி. 1897இல் 'அயோவா' என்னும் புதிய போர்க்கப்பலின் கேப்டனானார்.

1898 பிப்ரவரி 15ஆம் நாள் இரவு, கியூபாவின் ஹவானா துறைமுகத்தில் 'மெய்ன்' என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்து மூழ்கி 260க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கியூபா அப்போது ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. விசாரணைக் குழுவின் தலைவராகச் சாம்ப்சனை அமர்த்தினார்கள். கப்பலுக்கு வெளியே வைத்த நீர்வெடி முதலில் வெடித்து, அது உள்ளிருந்த வெடிமருந்து அறைகளைப் பற்றவைத்தது என்று குழு முடிவு கூறியது. வைத்தவர் இன்னார் என்று கூறவில்லை. ஆனால் பத்திரிகைகளுக்கு அது போதுமானதாயிற்று. ஏப்ரலில் போர் தொடங்கிவிட்டது. 1976இல் அட்மிரல் ரிக்கோவர் அறிஞர்களைக் கொண்டு மறுபடி ஆராய்ந்தார். வெளியே வெடி வைத்ததற்குச் சான்று இல்லை. நிலக்கரி அறையில் தானாகப் பற்றிய தீ, அடுத்திருந்த மருந்தறையைச் சூடேற்றியிருக்கலாம் என்றார். 24 வயதில் நீர்வெடியால் தம் தோழர்களை இழந்து, பிறகு நீர்வெடி நிலையத்துக்கே தலைவராக இருந்தவர், உடைந்த கப்பலைப் பார்த்ததும் வேறு எதை நினைத்திருப்பார்? இது என் ஊகமே. அறிவியல் அறிந்தவர் கண்ணையும் அனுபவம் ஒரு பக்கமாகத் திருப்பிவிடும் போலும்.

மார்ச் இறுதியில் வட அட்லாண்டிக் கடற்படைப் பிரிவின் தலைமை அவருக்கு வந்தது. கேப்டன் பதவியிலிருந்தவரைத் தற்காலிக ரியர் அட்மிரலாக்கி, மூத்தவர்கள் பலருக்கு மேலே அமர்த்தினார்கள். அந்த மூத்தவர்களுள் ஒருவர் ஷ்லே என்பவர். அகாடமியில் சாம்ப்சனுக்கு ஓராண்டு முன் தேறியவர். படிப்பில் கடைசி வரிசை. இப்போது சாம்ப்சனின் ஆணைக்குக் கீழே.

அட்மிரல் செர்வெராவின் ஸ்பானியக் கப்பல்கள் கியூபாவின் தென்கரையிலுள்ள சாண்டியாகோ துறைமுகத்துக்குள் புகுந்துகொண்டன. குறுகிய வாயில். ஜூன் 3ஆம் நாள் விடியுமுன், ஹாப்சன் ஏழு பேருடன் 'மெரிமாக்' என்னும் நிலக்கரிக் கப்பலை ஓட்டிச் சென்று, அதை வாயிலிலேயே மூழ்கடித்து அடைக்க முயன்றார். கப்பல் குறுக்கே விழாமல் போனதால் வழி அடைபடவில்லை. எண்மரும் உயிரோடு சிறைப்பட்டனர். பழைய மாணவர் தோற்ற இடத்தில் பழைய ஆசிரியர் தம் பாடத்தைக் கையாண்டார். பகலில் கப்பல்களை அரைவட்டமாக நிறுத்தினார். இரவில் ஒரு போர்க்கப்பலை நெருங்கிப் போகச் செய்து, வாயிலின்மேல் ஒளிவிளக்கை விடியும்வரை பாய்ச்சிக்கொண்டேயிருக்கச் சொன்னார். அந்த வெளிச்சத்தில் கண் கூசிக் கப்பல் ஓட்ட இயலாது என்பதால் ஸ்பானியர்கள் இரவில் தப்பும் எண்ணத்தைக் கைவிட வேண்டியதாயிற்று.

ஜூலை 3, ஞாயிற்றுக்கிழமை. தரைப்படைத் தளபதியைச் சந்திக்கச் சாம்ப்சன் தம் 'நியூயார்க்' கப்பலில் கிழக்கே புறப்பட்டார். ஒரு மாதமாகக் காத்திருந்தவர் அகன்ற சிறிது நேரத்தில், காலை ஒன்பதரை மணியளவில், செர்வெரா வெளியே வந்தார்! சாம்ப்சன் கப்பலைத் திருப்பிக்கொண்டு விரைந்தார்; ஆனால் போரின் பெரும்பகுதி அவர் வருமுன் முடிந்துவிட்டது. பிற்பகல் ஒன்றேகால் மணிக்குள் ஸ்பெயினின் ஆறு கப்பல்களும் அழிந்தன. அமெரிக்கர் தரப்பில் இறந்தவர் ஒருவர். ஸ்பானியர் 300க்கும் மேல்.

வெற்றியைச் சாம்ப்சன் தந்தி மூலம் நாட்டுக்குத் தெரிவித்தார். மறுநாள் சுதந்திர நாள் ஆதலால், தம் தலைமையிலுள்ள கடற்படை நாட்டுக்கு அளிக்கும் பரிசு இது என்று அதில் இருந்தது. களத்தில் நின்ற ஷ்லேயின் பெயர் இல்லை. மக்கள் ஷ்லேயின் பக்கம் நின்றார்கள். கடற்படைத் துறை சாம்ப்சனின் பக்கம் நின்றது. 1901இல் விசாரணை நீதிமன்றம் கூடும்வரை சண்டை ஓயவில்லை. திட்டம் சாம்ப்சனுடையது; ஆகவே வெற்றியும் அவருடையதே என்பது என் கருத்து. ஆனாலும் களத்தில் நின்றவர்களுக்கு அந்தத் தந்தியில் ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

கன்னர் மார்கன்

இனி வருவது நான் எழுத விரும்பாத பகுதி.

கடற்படையில் சாதாரண மாலுமியாகச் சேர்ந்து, கை வேலையால் உயர்ந்து, பீரங்கிப் பொறுப்பாளர் நிலைக்கு வருபவரைக் கன்னர் என்பார்கள். முழு அதிகாரி நிலைக்கும் அவர்களுக்கும் இடையே ஒரு கோடு உண்டு. சார்ல்ஸ் மார்கன் என்னும் கன்னர், 'மெய்ன்' கப்பலை ஆராய நீரில் இறங்கிய முக்குளிப்போரை மேற்பார்த்தவர். அவர்கள் சேற்றில் தடவிக் கொண்டுவந்த செய்திகளை வைத்தே சாம்ப்சனின் குழு தன் முடிவை எழுதியது. அந்த மார்கன் தம்மை அதிகாரியாக்க வேண்டும் என்று விண்ணப்பித்தார். விண்ணப்பம் சாம்ப்சன் வழியாகச் சென்றது. அவர் அதன்மேல் எழுதிய குறிப்பு 1901இல் வெளியே வந்தது. அமைதிக் காலத்தில் அதிகாரிகள் அயல்நாட்டாரோடு விருந்துகளிலும் வரவேற்புகளிலும் கலந்து பழக வேண்டியவர்கள். கன்னர் வகுப்பினர் தம் குற்றத்தால் இல்லாவிடினும் அத்தகைய பழக்க வாய்ப்புகளைப் பெறாதவர்கள். ஆகவே வேண்டாம் என்பது அதன் சாரம். திறமை போதாது என்று ஒரு சொல்லும் இல்லை.

நாடு கொதித்தது. செனட் சபையிலேயே கண்டனம் எழுந்தது. பால்மைராவின் தினக்கூலிக்காரர் வீட்டில் எந்த விருந்துப் பழக்கம் கற்றுத் தந்தார்கள் என்று கேட்டார்கள். கன்னர் போன்றோர் தேர்வெழுதி அதிகாரிகளாக அவ்வாண்டே சட்டம் வழிவிட்டது.

நான் பலமுறை இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்தேன். அவர் நியாயத்தையும் எண்ணிப் பார்த்தேன். நான்காண்டு அகாடமியில் தேய்ந்துதான் தாம் மாறினோம், அந்தத் தேய்ப்பு இல்லாதவர் வரக்கூடாது என்று நினைத்திருக்கலாம். அப்படியானால் அதையல்லவா எழுதியிருக்க வேண்டும்? வாசலில் நின்றவனுக்குள் தம் பழைய முகத்தைக் கண்டு அஞ்சினாரா? எனக்கும் இப்போது ஓர் அச்சம் உண்டு. போன மாதம் விடுதித் தோழர்கள் எங்கள் ஊருக்கு வருவதாகச் சொன்னபோது, அப்பா வேலையிலிருந்து வரும் நேரத்தைத் தவிர்த்து ஒரு நேரம் சொன்னவன் நான்தானே.

விடுமுறையில் இந்தக் கதையை அப்பாவிடம் சொன்னேன். ஒளியின் வேகத்தைச் சொன்னபோது தலையாட்டினார். கடற்போரைக் கேட்டுச் சிரித்தார். மார்கன் கதைக்கு மட்டும், "ஏண்டா தம்பி, தண்ணிக்கு அடியில ஆளை எறக்கி வேலை வாங்கறப்போ அந்தாளுக்கு விருந்துல உக்காரத் தெரியுமான்னு கேட்டாரா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

சாம்ப்சனின் உடல்நலமும் நினைவும் அதற்குள் குன்றிவிட்டன. ஷ்லே விசாரணையில் அவரால் சாட்சி சொல்லவும் வர முடியவில்லை. 1902 பிப்ரவரியில், 62 வயது நிறைந்த நாளில் ஓய்வு பெற்றார். சாண்டியாகோவில் முறைப்படி தலைமை வகித்தவர் சாம்ப்சனே என்று அதே மாதம் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் தீர்ப்புச் சொன்னார். மே 6ஆம் நாள் வாஷிங்டனில் சாம்ப்சன் இறந்தார். ஆர்லிங்டன் கல்லறையில் அடக்கம் செய்தனர்.

அன்னாபொலிஸ் அகாடமியில் அவர் பெயரால் ஒரு கட்டடமும் மைக்கல்சன் பெயரால் ஒரு கட்டடமும் இருக்கின்றன. 1879இல் ஒளி சென்று திரும்பிய வழியைத் தரையில் பதித்த வட்டத் தகடுகள் காட்டுகின்றன.